கடலில் மெக்னீசியம் இருந்தும் டோலமைட் ஏன் படிவதில்லை?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. டோலமைட் என்பது மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்தானே என்பது ஒன்று. கடல்நீரில் மெக்னீசியம் கொட்டிக் கிடக்கும்போது அது ஏன் இன்று கடலடியில் படிவதில்லை என்பது இரண்டாவது. 2023-இல் இருநூறு வருட மர்மம் தீர்ந்துவிட்டது என்று செய்தி போட்டார்களே, அதை நம்பலாமா என்பது மூன்றாவது. போகிற போக்கில், இத்தாலியின் டோலமைட் மலைகள் முழுக்க இந்தப் பாறைதானா என்றும், கையில் கிடைத்த கல்லை எப்படிச் சோதிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம் என்று நினைக்கிறேன்: இந்தப் பாறை நேராக டோலமைட்டாகவே படிந்ததா, அல்லது வேறொன்றாகப் படிந்து பிற்பாடு மாறியதா? கார்பனேட் பாறைகளை மெல்லிய சீவல்களாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதே என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்வதானால், கண்ணில் படும் டோலமைட்டில் பெரும்பகுதி மாறிய பாறைதான். இதில் துறைக்குள் பெரிய சண்டை கிடையாது. எப்போது மாறியது, எந்த நீர் மாற்றியது, அந்த நீரைப் பாறைக்குள் தள்ளியது எது என்பதில்தான் சண்டை.

முதல் கேள்வியை முடித்துவிடுவோம். சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். அதன் படிகத்தில் ஓர் அடுக்கு கால்சியம், அடுத்த அடுக்கு கார்பனேட், மறுபடி கால்சியம் என்று போகும். டோலமைட்டில் ஓர் அடுக்கு கால்சியம், ஒரு கார்பனேட், அப்புறம் முழுக்க மெக்னீசியத்தால் ஆன ஓர் அடுக்கு, மறுபடி கார்பனேட். இந்த வரிசைதான் டோலமைட். கால்சைட்டுக்குள் மெக்னீசியம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நுழைந்திருந்தால் அதற்குப் பெயர் மெக்னீசியம் மிகுந்த கால்சைட்; கடல் முள்ளெலிகளின் ஓடும் சிலவகைக் கடற்பாசிகளின் கூடும் அப்படிப்பட்டவை. அவற்றில் மெக்னீசியம் எவ்வளவு ஏறினாலும் வரிசை வராதவரை டோலமைட் ஆகாது. வரிசை வந்துவிட்டதா என்பதை எக்ஸ்-கதிர்ச் சோதனையில் தெரியும் சில கூடுதல் கோடுகள் காட்டிக்கொடுக்கும். தூய டோலமைட்டை ஆக்சைடுகளாகக் கணக்கிட்டால் எடையில் சுமார் 30.4 சதவீதம் கால்சியம் ஆக்சைடு, 21.9 சதவீதம் மெக்னீசியம் ஆக்சைடு, மீதி கார்பன் டைஆக்சைடு. இயற்கையில் இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பது குறைவு. கால்சியம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே வழக்கம். கனிமத்துக்கும் அதனால் ஆன பாறைக்கும் ஒரே பெயர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி கால்சைட், பாதி டோலமைட் என்று கலந்து கிடக்கும் பாறைகளும் நிறைய உண்டு.

இப்போது இரண்டாவது கேள்வி. இதுதான் விஷயமே. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.29 கிராம் மெக்னீசியமும் 0.41 கிராம் கால்சியமும் இருக்கின்றன. அயனிகளை எண்ணிப் பார்த்தால் ஒரு கால்சியத்துக்கு ஐந்து மெக்னீசியம். வெப்ப இயக்கவியல் கணக்குப்படி மேற்பரப்புக் கடல்நீர் டோலமைட்டைப் பொறுத்தவரை மிகைநிறைவு அடைந்த கரைசல். அதாவது டோலமைட் தானாகவே படிந்தாக வேண்டும். ஆனால் பஹாமாஸ் போன்ற வெப்பமண்டல ஆழமற்ற கடல்களில் போய்ப் பார்த்தால் படிவதெல்லாம் அரகோனைட்டும் (அதே கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம்) கால்சைட்டும்தான். மறுபக்கம், பழைய பாறைகளைப் பாருங்கள்: நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில், பெரிய நிலப்பரப்புகளை மூடிக்கொண்டு டோலமைட் கிடக்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் துறையில் 'டோலமைட் சிக்கல்' என்று சொல்லிக்கொள்கிறோம்.

காரணத்தில் ஒரு பகுதி உறுதியாகவே தெரியும். மெக்னீசியம் அயனி சிறியது. அதனால் தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நீரை உதறிவிட்டுக் கார்பனேட்டோடு சேர அதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். கால்சியத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆகவே அது முந்திக்கொள்கிறது. இன்னொரு தடை மேலே சொன்ன வரிசை. வளரும் படிக முகப்பில் கால்சியமும் மெக்னீசியமும் தாறுமாறாக வந்து ஒட்டுகின்றன. தவறான இடத்தில் ஒட்டிய அயனிகள் அடுத்த அடுக்கு வளரவிடாமல் முடக்குகின்றன. லின்டன் லேண்ட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 25 டிகிரி செல்சியஸில், ஆயிரம் மடங்கு மிகைநிறைவுள்ள கரைசலை 32 வருடங்கள் வைத்திருந்து பார்த்தார். டோலமைட் வரவில்லை. 1998-இல் அதை அப்படியே கட்டுரையாக எழுதினார். தோற்ற சோதனையை இவ்வளவு நேர்மையாகப் பதிவுசெய்வது அபூர்வம், அதற்காகவே எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். அதே சமயம் ஆய்வகத்தில் வெப்பத்தை 200 டிகிரி அளவுக்கு ஏற்றினால் சில நாட்களிலேயே டோலமைட் உருவாகிவிடுகிறது. ஆக, இது முடியுமா முடியாதா என்ற பிரச்சினை இல்லை. குறைந்த வெப்பத்தில் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதே பிரச்சினை.

சரி, அப்படியானால் மலை மலையாக டோலமைட் எங்கிருந்து வந்தது? முதலில் சுண்ணாம்புச் சேறாகவும் ஓடுகளாகவும் படிந்தது. பிறகு மெக்னீசியம் நிறைந்த நீர் அதனுள் ஊடுருவிப் போக, இரண்டு கால்சியம் கார்பனேட்டில் ஒரு கால்சியம் வெளியேறி மெக்னீசியம் அந்த இடத்தைப் பிடித்தது. இதற்கான சான்று நுண்ணோக்கியில் நேராகவே தெரியும். சிப்பி ஓட்டின் வெளிக்கோடு மங்கலாக நிற்கும். அந்தக் கோட்டைக் கொஞ்சமும் மதிக்காமல் சாய்சதுர டோலமைட் படிகங்கள் குறுக்கே வளர்ந்திருக்கும். எந்த உயிரினமும் டோலமைட்டால் ஓடு கட்டுவதில்லை. ஆகவே ஓடு முதலில், படிகம் பிறகு என்ற வரிசையைச் சந்தேகிக்க இடமில்லை. எல்லாப் பாறையிலும் இப்படித் தெளிவாக இருக்காது. முழுக்க மாறி, பிறகு மறுபடியும் படிகமாகி, பழைய அமைப்பு எதுவுமே மிஞ்சாத சர்க்கரைப் பரல் போன்ற டோலமைட்டுகள் உண்டு. அவற்றைப் பார்த்து முதலில் என்னவாக இருந்தது என்று ஊகிக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது.

மாற்றம் நடந்தது என்று ஏற்றுக்கொண்டால் உடனே ஒரு கணக்குப் பிரச்சினை எழும். துளையே இல்லாத ஒரு கன மீட்டர் கால்சைட் சுமார் 2,710 கிலோ. அதை முழுக்க டோலமைட்டாக மாற்ற ஏறத்தாழ 330 கிலோ மெக்னீசியம் தேவை. ஒரு கன மீட்டர் கடல்நீரில் இருப்பது 1.3 கிலோ சொச்சம். ஓர் அயனி கூட வீணாகாமல் எல்லாமே பாறைக்குள் போனாலும் 250 கன மீட்டர் கடல்நீர் வேண்டும். நிஜத்தில் நீர் தன்னிடமுள்ள மெக்னீசியத்தில் சிறு பங்கையே விட்டுவிட்டுப் போகும். ஆகவே தேவை இதைப் போலப் பல மடங்கு. இந்த நீர் முழுவதும் பாறையின் நுண்துளைகள் வழியாக, ஒரு திசையில், நீண்டகாலம் ஓடியாக வேண்டும். டோலமைட் பற்றிப் பேசும்போது வேதியியலைவிட இந்த நீரோட்டக் கணக்கே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எந்த விளக்கத்தைப் படித்தாலும், நீரை எது தள்ளியது என்று முதலில் கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பல பதில்கள் இருக்கின்றன. அபுதாபிக் கரையோரத்தில் சப்கா எனப்படும் உப்புத் தளங்கள் உள்ளன. கடல்நீர் ஆவியாகி, ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட் உப்பு படிந்து, அதில் கால்சியம் தீர்ந்துபோய், மிச்சமுள்ள நீரில் மெக்னீசியத்தின் விகிதம் ஏறுகிறது. அங்கே சேற்றுக்குள் இளம் டோலமைட் உருவாகிவருவதை நேரடியாகவே பார்க்கிறார்கள். ஆனால் மெல்லிய அடுக்குகளாகத்தான். அடுத்தது, 1960-இல் ஆடம்ஸ், ரோட்ஸ் என்ற புவியியலாளர்கள் மேற்கு டெக்சாஸின் பெர்மியன் காலப் பாறைகளை வைத்துச் சொன்னது: தடுக்கப்பட்ட உப்பங்கழிகளில் நீர் ஆவியாகி அடர்த்தி ஏறி, எடை காரணமாகவே கீழிருக்கும் பாறைக்குள் இறங்கிக் கடல் பக்கமாகக் கசிந்தோடுகிறது. இது நீரைத் தள்ளும் பம்பையும் சேர்த்தே தருகிறது, அதனால் பெரிய டோலமைட் திட்டுகளுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். மூன்றாவது, ஆழப் புதைவு: கிலோமீட்டர் கணக்கில் கீழே போனால் வெப்பம் உதவும், ஆனால் அங்கே புது மெக்னீசியம் எங்கிருந்து வரும் என்பது இடிக்கும். நான்காவது, பிளவுகள் வழியே மேலேறும் வெந்நீர். இது விட்டுச்செல்லும் டோலமைட் படிகங்களின் முகங்கள் குதிரைச் சேணம் போல வளைந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்த உடனே அடையாளம் தெரியும். மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் டோலமைட் உருவாகும் என்ற கருத்து 1970-களில் ரொம்பப் பிரபலம். இன்றைய கடற்கரைகளில் அப்படிக் கலக்கும் இடங்கள் ஏராளம், அங்கெல்லாம் டோலமைட் குவியவில்லை. பழைய பாடநூல்களில் இது இன்னும் முதன்மை விளக்கமாக இருக்கும், தாண்டிப் போய்விடலாம்.

நுண்ணுயிர்கள் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995-இல் வாஸ்கொன்செலோஸ், மெக்கென்சி என்ற ஆய்வாளர்கள் பிரேசிலின் லகோவா வெர்மெல்யா என்ற உப்பங்கழியில் சல்பேட்டைச் சிதைத்து வாழும் பாக்டீரியாக்கள் இருக்கும் இடத்தில் டோலமைட் உருவாவதைக் காட்டினார்கள். ஆய்வகத்திலும் அந்த பாக்டீரியாக்களை வைத்துக் குறைந்த வெப்பத்தில் அதே மாதிரியான கனிமத்தை வரவழைத்தார்கள். பாக்டீரியாக்கள் வெளிவிடும் பிசுபிசுப்பான பொருள் மெக்னீசியத்தின் நீர்ப் போர்வையை உரிக்க உதவுகிறது என்பது ஒரு விளக்கம். இதில் உறுதியானது: நுண்ணுயிர் இருக்கும் இடத்தில் மெக்னீசியம் மிகுந்த கார்பனேட் எளிதாக வருகிறது. சந்தேகத்துக்குரியது: அப்படி வருவது வரிசை முழுமையான டோலமைட்டா என்பது. ஆய்வக மாதிரிகள் பலவற்றில் அந்த எக்ஸ்-கதிர்க் கோடுகள் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கின்றன. காலப்போக்கில் அவை சீராகும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சேற்றுக்குள் விதைகளாகத் தொடங்கும் இதை வைத்து ஒரு முழு மலையை விளக்குவது பேராசை.

இனி 2023 செய்தி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜூன்சூ கிம், வென்ஹாவ் சுன் குழுவும் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது அது. அவர்கள் சொன்னது இதுதான்: கரைசல் எப்போதும் மிகைநிறைவாகவே இருந்தால் தவறாக ஒட்டிய அயனிகள் அப்படியே மாட்டிக்கொள்ளும். அவ்வப்போது கரைசல் நீர்த்துப்போய்ப் படிகம் லேசாகக் கரையத் தொடங்கினால், வரிசை கலைந்த பகுதிதான் முதலில் கரையும். கோணலாக வைத்த செங்கல்லை மட்டும் பெயர்த்தெடுத்துவிட்டு மேற்கொண்டு கட்டும் கொத்தனார் வேலை மாதிரி. கணினிக் கணக்கில் இப்படி மாறி மாறி நடந்தால் வளர்ச்சி ஒரு கோடி மடங்கு வரை வேகமாகலாம் என்று வந்தது. சோதனையில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஒரு சிறு டோலமைட் படிகத்தை 80 டிகிரி செல்சியஸ் கரைசலில் வைத்து, இரண்டு மணி நேரத்தில் 4,000 தடவை எலக்ட்ரான் கற்றையைத் துடிப்புகளாகச் செலுத்தினார்கள். கற்றை நீரைச் சிதைத்து அமிலம் உண்டாக்கும், அமிலம் லேசாகக் கரைக்கும், கற்றை நின்றதும் வளரும். சுமார் 100 நானோமீட்டர், அதாவது 300 அடுக்குகள் வளர்ந்தன. அதற்கு முன் ஆய்வகத்தில் ஐந்து அடுக்குகளைத் தாண்டியதில்லை.

மர்மம் தீர்ந்ததா என்றால், பாதி தீர்ந்தது என்பேன். படிகம் ஏன் முடங்குகிறது, எப்படி விடுபடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் நான் பார்த்ததில்லை. இயற்கையோடும் ஒத்துப்போகிறது: இன்று டோலமைட் உருவாகும் இடங்கள் பெரும்பாலும் நனைந்து காய்ந்து, உப்பு ஏறி இறங்கும் இடங்களே. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூரோங் பகுதியில் பருவத்துக்குப் பருவம் வற்றிப்போகும் ஏரிகள் நல்ல உதாரணம். ஆனால் 300 அடுக்கு வேறு, 300 மீட்டர் தடிமன் வேறு. அதோடு சோதனை ஏற்கனவே இருந்த டோலமைட் விதை மீது, 80 டிகிரியில் நடந்தது. நீரோட்டம், மெக்னீசியக் கணக்கு, ஆழத்தில் பருவ மாற்றமே இல்லாத இடத்தில் நடக்கும் மாற்றம் ஆகியவற்றை அந்த ஆய்வு தொடவில்லை. தொடுவதாக அவர்கள் சொல்லவும் இல்லை. தலைப்பு போட்டவர்கள்தான் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டார்கள்.

இன்னொரு விஷயமும் தீராமல் இருக்கிறது. ப்ரீகேம்ப்ரியன் காலப் பாறைகளில், அதாவது சுமார் 54 கோடி வருடங்களுக்கு முந்தையவற்றில், டோலமைட் மிகுதி, அண்மைக் காலப் பாறைகளில் குறைவு. பழைய பாறைக்கு மாறுவதற்கு நேரம் அதிகம் கிடைத்தது என்பது எளிய விளக்கம். அன்றைய கடலின் வேதியியலே வேறு, ஆக்சிஜன் குறைவு, எனவே டோலமைட் நேராகவே படிந்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். சில மிகப் பழைய டோலமைட்டுகளில் படிவின் நுண்ணிய அமைப்பு துளியும் கலையாமல் இருப்பது இரண்டாவது தரப்புக்கு வலு சேர்க்கிறது. ஆகவே ஆரம்பத்தில் 'பெரும்பகுதி மாறிய பாறை' என்று நான் சொன்னதை, அந்தக் காலத்துக்குப் போகும்போது கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இத்தாலிக்கு வருவோம். பிரெஞ்சுக்காரரான தியோதா தெ டோலொமியு, அமிலத்தில் சுண்ணாம்புக்கல் போலச் சீறாத ஒரு கார்பனேட் பாறையை 1791-இல் விவரித்தார். அடுத்த வருடம் சுவிஸ் வேதியியலாளர் நிக்கோலா தெ சொசூர் அதற்கு அவர் பெயரை வைத்தார். மலைகளுக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. முழுக்க இந்தப் பாறைதானா என்றால் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த மலைகளிலேயே உயரமான மர்மொலாடா, 3,343 மீட்டர், பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். பக்கத்திலேயே ஷ்லெர்ன் முழுக்க டோலமைட்டாக மாறியிருக்கிறது. லாட்டெமார் திட்டுத் திட்டாக மட்டும் மாறியிருக்கிறது. மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில், சுமார் 24 கோடி வருடங்களுக்கு முன், ட்ரயாசிக் காலத்தில், டெத்திஸ் என்ற பழங்காலக் கடலின் மேற்கு ஓரத்தில் வளர்ந்த கார்பனேட் மேடைகள், அதாவது கடலடியில் குவிந்து உயர்ந்த சுண்ணாம்புத் திட்டுகள். ஒரே மாதிரித் தொடங்கிய மூன்றில் ஒன்று மாறி, ஒன்று பாதி மாறி, ஒன்று தப்பியது ஏன்? எந்தப் பாறைக்குள் எவ்வளவு நீர் எந்த வழியில் போனது என்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை. நீரோட்டம்தான் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணமும் இல்லை.

இவை பழைய கடலில் வளர்ந்த பவளத்திட்டுகள் என்று 1860-லேயே ஜெர்மன் புவியியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ரிச்ட்ஹோஃபன் எழுதிவிட்டார். பயண நூல்களிலும் பவளத்திட்டு என்றே படிப்பீர்கள். ஆனால் பவளம் அங்கே சிறு பங்குதான். நுண்ணுயிர்ப் படலங்கள் பிணைத்த சுண்ணாம்புச் சேறு, பஞ்சுயிர்கள், பாசிகள் ஆகியவைதான் பெரும்பகுதியைக் கட்டின. மேடைகளுக்கு இடையிலிருந்த ஆழக்கடல் பள்ளங்களை எரிமலைக் கழிவும் களிக்கல்லும் நிரப்பின. அந்தத் தலைமுறை மேடைகளெல்லாம் முடிந்த பிறகு, அலைமட்டத்தில் மாறி மாறி நனைந்து காய்ந்த ஒரு பெரிய சமவெளி உருவானது. அதில் படிந்ததுதான் டொலோமியா ப்ரின்சிபாலே என்ற பாறைத் தொகுதி. சில இடங்களில் ஆயிரம் மீட்டர் தடிமன், சீரான கிடைமட்ட அடுக்குகள், சில அடுக்குகளில் டைனோசர் காலடித் தடங்கள். படங்களில் பார்க்கும் த்ரே சீமே சிகரங்கள் மூன்றும் இந்தப் பாறையில் செதுக்கப்பட்டவை. செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் டோலமைட் என்பது மட்டும் அல்ல. தடித்த, களிமண் இல்லாத, நொறுங்கும் தன்மையுள்ள பாறை. அதில் செங்குத்து வெடிப்புகள். வெடிப்பில் உறையும் பனி. அடியில் எளிதில் அரிபடும் எரிமலைப் பாறையும் களிக்கல்லும். அடி கரைய, மேலே இருப்பது பலகை பலகையாக விழும். மர்மொலாடாவின் தெற்கு முகம் சுண்ணாம்புக்கல்லாக இருந்தும் செங்குத்தாகத்தான் நிற்கிறது. 2009-இல் யுனெஸ்கோ இந்த மலைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

டோலமைட்டாக மாறும்போது கனஅளவு கணக்குப்படி சுமார் 13 சதவீதம் சுருங்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அதனால்தான் டோலமைட்டில் எண்ணெயும் வாயுவும் நிற்கத் துளைகள் அதிகம் என்பார்கள். அந்த எண் சரி. ஆனால் வெளியிலிருந்து கார்பனேட் வராமல் இருந்தால்தான் அது பொருந்தும். வந்தால் துளைகள் அடைபட்டும் போகும். துளையே இல்லாத டோலமைட்டுகளையும் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் மெதுவாகக் கரையும் பாறை என்பதால் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் மால்மனி டோலமைட்டின் மேல் நிலத்தடி நீரை இறைத்து வற்றடித்த இடங்களில் தரை திடீரென்று உள்வாங்கும். 1962-இல் அப்படித் திறந்த ஒரு குழி, வெஸ்ட் ட்ரீஃபோன்டைன் தங்கச் சுரங்கத்தின் கல்லரைக்கும் ஆலையையே விழுங்கி 29 பேரைக் கொன்றது.

கடைசியாக உங்கள் கல். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. உடனே நுரைத்துச் சீறினால் கால்சைட். ஒன்றும் நடக்காமல், கத்தியால் சுரண்டிய பொடியில் மட்டும் மெதுவாகக் குமிழி வந்தால் டோலமைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வினிகர் இதற்குப் போதாது, குழப்பம்தான் மிஞ்சும். டோலமைட்டின் அடர்த்தி 2.85, கால்சைட் 2.71, கடினத்தன்மையும் கொஞ்சம் கூடுதல், 3.5 முதல் 4. வெயில்மழையில் கிடந்த முகப்பில் இரும்பால் வந்த பழுப்பு நிறமும், குறுக்கும் நெடுக்குமான வெட்டுக் கோடுகளும் இருந்தால் அதுவும் ஒரு குறிப்பு. யானைத்தோல் என்று களத்தில் சொல்வது அதைத்தான். கல்லை அறுத்து, நீர்த்த அமிலத்தில் கரைத்த அலிசரின் ரெட் சாயத்தில் நனைத்தால் கால்சைட் சிவக்கும், டோலமைட் நிறமேறாது. இரண்டும் கலந்த கல்லில் எது எங்கே என்று வரைபடம் போலத் தெரியும். இதற்கு மேல் வரிசை முழுமையானதா என்றறிய எக்ஸ்-கதிர்ச் சோதனைதான் வழி. அது எந்த நீரில், எப்போது மாறியது என்பதை மட்டும் கையளவு கல்லையோ புகைப்படத்தையோ வைத்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு அந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது, மேலும் கீழும் பக்கத்திலும் என்ன பாறை, அருகில் பிளவு ஏதும் உண்டா என்று தெரிய வேண்டும். எடுத்த இடத்தைக் குறித்து வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.